இரவு 2 மணிக்கு எழுந்தது எந்தக் கட்டத்தில் வரும்?

நண்பர்களே, வணக்கம்.

முதியவர்களை வீட்டில் ஊதியமில்லாமல் கவனித்துக்கொள்பவர்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று எண்ணாகச் சொன்னால்தான் உதவித்தொகை, விடுப்பு, ஓய்வூதியம் எதைப் பற்றியும் அரசிடம் பேச முடிகிறது. அந்த எண்ணோ, களப்பணியாளர் வாசலில் நின்று கேட்கும் ஒன்றிரண்டு கேள்விகளிலிருந்து வருகிறது. கேள்வி மாறினால் எண்ணும் மாறும். இதைத்தான் இன்று பேச வந்தேன்.

இங்கிலாந்தையும் வேல்ஸையும் பாருங்கள். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் கேள்வி 2001-இல் நுழைந்தது. ஊதியமில்லாமல் பிறரைக் கவனிப்பவர்கள் 2011-இல் சுமார் 58 லட்சம் பேர். 2021-இல் சுமார் 50 லட்சம் பேர். முதியவர்கள் பெருகிய பத்தாண்டில் கவனிப்பவர்கள் எப்படிக் குறைவார்கள்? இடையில் கேள்வியின் வாசகத்தை மாற்றிவிட்டார்கள். முன்பு குடும்பத்தினர், நண்பர்கள், அண்டை வீட்டார் என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். 2021-இல் 'யாருக்காவது' என்று சுருக்கிவிட்டார்கள். போதாததற்கு அது கொரோனா காலம். காணாமல்போன எட்டு லட்சத்தில் எவ்வளவு கேள்வியால், எவ்வளவு நிஜம் என்பதை இந்த இரண்டு எண்களை வைத்துப் பிரிக்க வழியில்லை.

'நீங்கள் யாரையாவது பராமரிக்கிறீர்களா?' என்று மொட்டையாகக் கேட்டால், மாமியாரைத் தினமும் குளிப்பாட்டும் மருமகள் 'இல்லை' என்று சொல்லிவிடுவார். அவருக்கு அது வீட்டுவேலையின் ஒரு பகுதி. எழுபது வயது மனைவியைத் தாங்கிப் பிடித்து நடத்தும் எழுபத்தைந்து வயதுக் கணவரும் அப்படித்தான் சொல்வார். அதனால் செயலைச் சொல்லிக் கேட்க வேண்டும். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சாப்பிடுவது என்று அன்றாடச் செயல்களை அளக்கும் பட்டியலை சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரின் குழு 1963-லேயே வெளியிட்டது. கடைக்குப் போவது, மாத்திரையை வேளைக்கு எடுப்பது, பணத்தைக் கையாள்வது போன்றவை 1969-இல் லாட்டன், பிராடி இருவரின் பட்டியலில் வந்தன. இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி 'இதில் கைகொடுக்கிறீர்களா?' என்று கேட்டால் அதே மருமகள் நாலைந்துக்கு 'ஆமாம்' என்பார். நேர்காணல் கொஞ்சம் நீளும். நீளட்டும்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். நேரத்தை எப்படி அளப்பது? எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு நாளை அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்தது. ஒரு கட்டத்தில் பல வேலைகள் நடந்திருந்தால் பத்து நிமிடமாவது நீடித்தவை பதிவாகும். ஒரு மகள் இரவு 2 மணிக்கு எழுந்து அப்பாவைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைக்கிறார். ஏழு நிமிடம். பதிவில் அந்த அரைமணி முழுக்க உறக்கம். இன்னும் இரண்டு முறை எழுந்தாலும் அப்படியேதான். மறுநாள் அலுவலகத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதற்கான காரணம் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இரவை விடுங்கள், பகலிலும் இதே கதை. மறதிநோய் உள்ள அம்மா வாசல் கதவைத் திறந்து வெளியே போய்விடாமல் ஒரு காதை அங்கேயே வைத்துக்கொண்டு சமைக்கிறார் ஒருவர். பதிவேட்டில் சமையல் மட்டும். கை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் வீட்டைவிட்டு நகர முடியாது. இந்தக் காவல் நேரத்தை 'அவரைத் தனியாக விட்டுவிட்டு எவ்வளவு நேரம் வெளியே போக முடியும்?' என்று தனியாகக் கேட்கலாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வியைவிட இதற்கு நேர்மையான பதில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

ஊதியமில்லாப் பராமரிப்பு வேலைக்கு 64 நாடுகளின் மக்கள் ஒரு நாளில் 1,640 கோடி மணி நேரம் செலவிடுகிறார்கள், அதில் 76.2 விழுக்காடு பெண்களுடையது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் மதிப்பிட்டது. சமையல், துவைத்தல், குழந்தை வளர்ப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. முதியோர் கவனிப்பு அதற்குள் எங்கோ கரைந்துகிடக்கிறது.

அப்புறம், பதில் சொல்வது யார்? குடும்பத் தலைவர் எல்லோருக்குமாகச் சொன்னால் அடுக்களைக்குள் நடப்பது பாதி விட்டுப்போகும். வேறு ஊரிலிருந்து மருத்துவரிடம் பேசி, மருந்துக்குப் பணம் அனுப்பும் மகன் அந்த வீட்டுக் கணக்கிலேயே இல்லை. ஐரோப்பாவின் 'ஷேர்' ஆய்வு 50 வயது கடந்தவர்களிடம், உதவி பெறுகிறீர்களா, கொடுக்கிறீர்களா என்று இரண்டையும் கேட்கிறது. வேறு வீட்டிலிருந்து வரும் உதவியையும் விடுவதில்லை. பெறுபவர் சொல்வதும் கொடுப்பவர் சொல்வதும் பொருந்தாமல் போகலாம். அந்த வித்தியாசத்தைத் தவறு என்று ஒதுக்காமல் இரண்டையும் வெளியிட வேண்டும்.

இன்னொன்றையும் கேள்வித்தாளில் சேர்க்கச் சொல்கிறேன். போன மாதம் தாய் இறந்துபோன பெண்ணிடம் இன்று கேட்டால் 'யாரையும் கவனிக்கவில்லை' என்பார். அதற்காக அவர் விட்ட வேலை திரும்பியிருக்காது, சேமிப்பும் தீர்ந்திருக்கும். 'கடந்த சில ஆண்டுகளில் முதியவர் ஒருவரைக் கவனித்தீர்களா? அதற்காக வேலையை விட்டீர்களா, நேரத்தைக் குறைத்தீர்களா?' என்று இரண்டே வரி போதும்.