எட்டுக் கட்டில் அறையில் யார் யார்?

(சேலத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

அனைவருக்கும் வணக்கம்.

குறைந்த செலவில் வெளிநாடு போவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். செலவுக் கணக்கு மட்டும் என்றால் ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவேன். இங்கிருந்து நாமக்கல் வழியாகத் திருச்சிக்குப் பஸ். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு மலிவு விமானம். பெட்டி போட்டால் தனிக் காசு கேட்பார்கள், அதனால் 7 கிலோவுக்குள் ஒரு முதுகுப்பை. அப்புறம் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில், எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டில். வியட்நாம் தலைநகர் ஹனோயில் ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கே சுத்தமான கட்டில் கிடைக்கும். திரை உண்டு, தலைமாட்டில் விளக்கு உண்டு. லாக்கருக்குப் பூட்டு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். சரி, கணக்கு முடிந்தது.

எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது, மற்ற ஏழு கட்டில்களில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது.

இந்த ஹாஸ்டல் ஏற்பாட்டையே தொடங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மனியின் ரிச்சர்ட் ஷிர்மன். பிள்ளைகளைக் கால்நடையாக ஊர் சுற்றக் கூட்டிப்போவார். ராத்தங்க இடம் கிடைக்காது. 1912இல் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் பிள்ளைகளுக்கென்று கட்டில் போட்டார். இன்றைக்கு அந்தக் கட்டிலில் எழுபது வயதுப் பாட்டியும் படுக்கிறார். ஐரோப்பாவில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, குளிர்காலத்தில் மட்டும் ஆசியாவுக்கு வந்துவிடுகிறவர்கள் இவர்கள். அறையில் முதலில் எழுந்து, சத்தம் போடாமல் பையைக் கட்டுகிறவர்களும் இவர்கள்தான். பிளாஸ்டிக் கவரை ராத்திரி இரண்டு மணிக்குச் சரசரவென்று பிரிப்பவர்கள் இருபது வயதுக்காரர்கள்.

பக்கத்துக் கட்டிலில் இஸ்ரேல் இளைஞன் இருப்பான். கட்டாய ராணுவ சேவை முடிந்ததும் மாதக்கணக்கில் ஊர் சுற்றுவது அங்கே பலருக்கு வழக்கம். மேல் கட்டிலில் பள்ளி முடித்து, கல்லூரி சேருமுன் ஒரு வருடம் எடுத்துக்கொண்ட இங்கிலாந்துப் பெண். மூலையில் லேப்டாப்போடு ஒருவர். அவருக்கு ஊர் முக்கியமில்லை, வைஃபைதான் முக்கியம். இவர்கள் எல்லாரும் நம்மிடம் ஆச்சரியமாக ஒன்று கேட்பார்கள்: "திரும்பிப் போகிற தேதி இப்போதே தெரியுமா?"

தெரியும். தெரியாமல் எப்படிக் கிளம்புவது? நம் பாஸ்போர்ட்டுக்குப் பல நாடுகளில் திரும்பும் டிக்கெட், தங்குமிட ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் காட்ட வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம். விசா மறுத்தாலும் அந்தப் பணம் வராது. ஜெர்மன்காரர் 'மனம் போன போக்கில் போகிறேன்' என்று சொல்லும்போது, அவர் மனத்துக்கு முன்னால் அவர் பாஸ்போர்ட் போய்க் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நம் ஆள் பத்து நாள் லீவு வாங்கி, சனி ஞாயிறையும் சேர்த்து, ஒவ்வொரு ராத்திரிக்கும் கட்டில் பதிவு செய்து வருகிறான். இதைச் சுபாவ வித்தியாசம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. யாருக்கு எவ்வளவு லீவு, எந்த நாட்டு விசா எவ்வளவு சுலபம் என்று பார்த்தால் பாதிப் பயணியைக் கணித்துவிடலாம். அவர்களைப் பார்த்து நாமும் 'திட்டமில்லாமல்' கிளம்பினால் குடியேற்ற அதிகாரியிடம்தான் போய் நிற்போம்.

நமக்குச் சுலபமான நாடுகளும் உண்டு. நேபாளத்துக்கு விசாவே வேண்டாம். வியட்நாமுக்கு ஆன்லைன் விசா, ஒருமுறை நுழைய 25 டாலர். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். அங்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். முதலாவது அறுபது எழுபது ரூபாய், இரண்டாவது ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். மங்கலான வெளிச்சத்தில், டாக்சிக்குள் உட்கார்ந்துகொண்டு எண்ணாதீர்கள். ஐந்து லட்சம் நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

பணம் என்றதும் இன்னொரு ரகம் ஞாபகம் வருகிறது. சிக்கனத்தைப் பந்தயமாக ஆக்கிக்கொண்டவர்கள். கூடையில் பழம் விற்கிற அம்மாவிடம் பத்தாயிரம் டாங்குக்கு, அதாவது முப்பத்தைந்து ரூபாய்க்குள் வருகிற காசுக்கு, நின்று வாதாடுவார்கள். ஹாஸ்டலுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே அதைப்போலப் பல மடங்குக்கு பீர் வாங்குவார்கள். இன்னும் சிலர் பாங்காக் தெருவில், 'என் உலகப் பயணத்துக்கு உதவுங்கள்' என்று அட்டை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். நாம் அவர்கள் ஊரில் போய் அப்படி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீரக்கதை சொல்பவர்கள் எல்லா ஹாஸ்டலிலும் உண்டு. வடக்குத் தாய்லாந்தில் சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊருக்குப் போகும் பாதையில் 762 வளைவு. அதில் போய் வந்ததே அவர்களுக்கு ஒரு வீரக்கதை. அந்த எண்ணை டிஷர்ட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுக்கே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிறவர்கள் நாம். மாத்திரை போட்டுக்கொண்டு, வேனில் முன்சீட்டில் உட்காருங்கள்.

ஆனால் எந்த ஜெர்மன்காரருக்கும் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கும். இலங்கையில் கண்டியிலிருந்து 'எல்ல' என்ற மலை ஊருக்குப் போகும் ரயில். கதவில் தொங்கியபடி படம் எடுக்க வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குள் போட்டி. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். ஹட்டனில் ஏறிய அம்மா ஒருவர் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, எந்த ஊரு?" என்றார். சேலம் என்றேன். "எங்க பாட்டனோட அப்பாவும் சேலம் பக்கம்னுதான் சொல்வாங்க. கிராமத்துப் பேரு யாருக்கும் தெரியல" என்றார். எனக்குத் தெரிந்த ஊர்ப்பெயரை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஆத்தூர், வாழப்பாடி, தம்மம்பட்டி... எதற்கும் தலையாட்டவில்லை.

அந்த அம்மாவின் முன்னோர் போன்றவர்கள் அங்கே போனது எப்படி? ஏற்காடு இருக்கும் ஷெவராய் மலையில் காபி வைத்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். சில வருடங்களிலேயே இலங்கை மலைகளிலும் காபித் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் சேலம், திருச்சி, மதுரைப் பக்கமிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். படகில் மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். பிறகு இலை நோய் வந்து காபி அழிந்தது, தேயிலை வந்தது. நம் மாவட்டத்திலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு நமக்கு வெகு முன்பே கடல் தாண்டியவர்கள் அவர்கள். ஹாஸ்டல் கதைகளில் அவர்கள் வருவதில்லை.

கசப்பான விஷயம் ஒன்று. லாவோஸின் வாங் வியெங்கில் 2024 நவம்பரில், மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் இறந்தார்கள். அதே வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் மெத்தனால்தான். நம் சேலம் அரசு மருத்துவமனைக்கு எத்தனை ஆம்புலன்ஸ் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கலந்திருந்தால் வாசத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. இலவசமாக நீட்டுகிற கிளாஸை வாங்காதீர்கள். அப்பா அம்மா முன்னால் சொல்கிறேனே என்று நெளிய வேண்டாம், தம்பிகளா.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று ஓர் அம்மா சீட்டு அனுப்பியிருக்கிறார். பெண்களுக்கு மட்டுமான அறை பல ஹாஸ்டல்களில் உண்டு, அதில் பதிவு செய்யுங்கள். ராத்திரி போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள். தனியாக வருகிற நம் ஊர்ப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பஸ் நேரம், விலை, திரும்பும் வழி எல்லாம் அறையில் மற்றவர்கள் அவர்களிடம்தான் கேட்பார்கள்.

கடைசியாக, ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும் வசதி வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்தது கொஞ்சம் மாறியிருக்கிறது. 18 முதல் 30 வயது வரையிலான இந்தியர்களுக்கு, தங்கி வேலை செய்துகொண்டே ஊர் சுற்ற ஆஸ்திரேலியா 2024இல் வருடத்துக்கு 1,000 இடம் திறந்தது. பிரிட்டனிலும் இதே வயதுக்காரர்களுக்கு ஒரு திட்டம் உண்டு. அதற்குப் பட்டமும் 2,530 பவுண்டு சேமிப்பும் வேண்டும். இரண்டுமே குலுக்கல். குலுக்கலில் பெயர் போடவே கையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். முன்வரிசையில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேள்வி கேட்க வராமல், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.