வண்டிக்குள்ளும் ஒரு கடைமடை

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வண்டிக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை எத்தனை வருஷம் சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. இன்றைக்கு உங்களிடமும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒரு புது பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைக் கவனிக்க ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, யூரியா தெளித்துப் புகையைச் சுத்தம் செய்ய ஒன்று, டிரைவர் முன்னால் இருக்கும் மீட்டருக்கு ஒன்று. இன்ஜின் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பது முதல் பெட்டிக்குத் தெரியும். மற்றவற்றுக்கும் அது வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுத்தால் வண்டி முழுக்க வயர்தான் இருக்கும். அறுந்தால் எது என்று தேடவும் முடியாது.

இதற்கு வழி தேடி ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் 1983-இல் வேலை தொடங்கினார்கள். 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் அதை வெளியிட்டார்கள். கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க் என்று பெயர். ஒர்க்‌ஷாப்பில் கேன் லைன் என்போம். முறுக்கிய இரண்டு வயர், அவ்வளவுதான். எல்லாப் பெட்டியும் அதில்தான் சேர்ந்திருக்கும். ஒன்று பேசினால் அத்தனைக்கும் கேட்கும்.

சரி, இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு செய்தியும் முதலில் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டு வரும், ஒன்று, பூஜ்யம் என்று ஒவ்வொரு பிட்டாக. வயரில் பூஜ்யமும் ஒன்றும் மோதினால் பூஜ்யம்தான் நிற்கும். ‘நான் ஒன்று சொன்னேன், வயரில் பூஜ்யம் கேட்கிறதே’ என்று பார்த்த பெட்டி உடனே பேச்சை நிறுத்திக்கொள்ளும். ஜெயித்த செய்திக்கு ஒரு பிட்கூடச் சேதம் இல்லை, ஒரு நொடிகூட வீண் இல்லை. மறுபடியும் சொல்கிறேன்: எண் சிறியதாக இருந்தால் முதலில் போகும். பெரிய எண் காத்திருக்கும். நடுவர் கிடையாது.

ஆனால் இடம் அளவோடுதான் இருக்கிறது. லாரி, பஸ்ஸில் இந்த லைன் பெரும்பாலும் விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் ஓடும். ஒரு செய்தியில் அதிகபட்சம் 8 பைட் தகவல், ஒரு பைட் என்றால் எட்டு பிட். அப்படிப்பட்ட முழுச் செய்தி ஒன்று போக அரை மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அதாவது விநாடிக்கு 2000 செய்திகூடத் தேறாது. அதனால் இன்ஜின் சுற்று வேகத்தை மில்லி விநாடிக் கணக்கில் அடிக்கடி அனுப்புவார்கள், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை விநாடிக்கு ஒருமுறை அனுப்புவார்கள். சூடு நொடியில் பாதிக்குள் ஏறி இறங்கிவிடாது அல்லவா? எதை எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்ற இந்தத் தீர்மானத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கப் பாளையங்கால்வாய் போதும். கால்வாய் தொடங்கும் பழவூர் அணைக்கட்டுப் பக்கம் இருப்பவர் வயல் நிறைந்துவிடும். தண்ணீர் குறைந்த வருஷம் கடைமடைக்காரர் வரப்பில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். கேன் லைனிலும் பெரிய எண்காரர்தான் கடைமடை. மேலே உள்ளவர் மடையை மூடாமலே வைத்திருந்தால் கடைசிக்கு ஒன்றும் வராது.

அப்படி ஒரு கடைமடை காய்ந்ததை நேரிலேயே பார்த்தேன். தாழையூத்துப் பக்கம் டிப்பர் லாரி வைத்திருக்கும் ஒரு நண்பர் வந்தார். “அண்ணாச்சி, சூட்டு முள்ளு மறுபடியும் விழுந்துட்டு” என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்குப் போகும், கொஞ்ச நேரத்தில் தானாக ஏறும். சென்சார் மாற்றியாச்சு, மீட்டரையே மாற்றியாச்சு, காசு போனதுதான் மிச்சம். இன்ஜின் ஆரோக்கியமாக இருந்தது. லேப்டாப்பை லைனில் மாட்டிப் பார்த்தால், லைன் கிட்டத்தட்ட முழுக்க நிரம்பிக் கிடந்தது! டீசல் கணக்குப் பார்க்க என்று யாரோ ஒரு சின்னப் பெட்டியைக் கேன் வயரில் ஒட்டுப்போட்டு மாட்டியிருந்தார்கள். அது ‘டீசல் எவ்வளவு, டீசல் எவ்வளவு’ என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் மிகச் சிறிய எண்ணில். கேள்விக்கு இன்ஜின் பெட்டி பதில் வேறு சொல்ல வேண்டும். விநாடிக்கு ஒருமுறை வரவேண்டிய சூட்டுச் செய்தி பாவம், வழி கிடைக்காமல் நின்றது. தகவல் வராததால் மீட்டர் முள்ளைக் கீழே போட்டது. அந்த ஒட்டைப் பிரித்துவிட்டோம். முள் அதன்பிறகு விழவில்லை.

இது எனக்குப் பெரிய ஆதங்கம். ஒட்டுப்போடுகிற வயர் ஹாரனுக்குப் போகிறதா, பிரேக் பெட்டி பேசும் லைனுக்குப் போகிறதா என்று பார்க்காமலே கத்தியை வைக்கிறார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒன்று கேளுங்கள்: இந்தப் பெட்டி லைனைக் கேட்க மட்டும் செய்யுமா, பேசவும் செய்யுமா? கேட்பதோடு நிற்கும்படி அமைக்க வசதி உள்ள பெட்டிகள் இருக்கின்றன. மாட்டுகிறவர் பதில் சொல்ல முடியாவிட்டால் மாட்ட விடாதீர்கள்.

வண்டி வடிவமைப்பவர்களுக்கு இதற்கென்று கணக்கே உண்டு. மிக மோசமான நேரத்தில் ஒரு செய்தி எவ்வளவு தாமதமாகும் என்று கணிக்கும் முறையை இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் கென் டின்டெல், ஆலன் பர்ன்ஸ் முதலியோர் 1994-இல் கொடுத்தார்கள். அதில் ஓர் ஓட்டை இருந்தது என்பது 2007-இல் ஒரு கட்டுரையில் விளக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. அதை எழுதியவர்களில் பர்ன்ஸும் ஒருவர். அந்த நேர்மைக்காகவே வகுப்பில் இதைத் தவறாமல் சொல்வேன்.

அப்புறம், லைன் திணறினால் வேகத்தைக் கூட்டு என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு முன்னால் முறைத்தண்ணீர் வைக்கலாம். ஒரே பெட்டி 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பத்துச் செய்தியை ஒரே கணத்தில் தள்ளாமல், 10 மில்லி விநாடிக்கு ஒன்றாகப் பிரித்து விட்டால் போதும். மொத்தம் அதேதான், ஆனால் நெரிசல் இல்லை. கடைமடைக்கும் வந்து சேரும்.

நேரம் ஆகிவிட்டது என்று உள்ளே இருந்து சைகை காட்டுகிறார்கள். ஒரே செய்தியில் 64 பைட் வரை ஏற்றும் கேன் எஃப்டி, பாஷ் 2012-இல் வெளியிட்டது. கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட் லைன், கேமரா வைத்த கார்களுக்கும் வந்தது. லைன்களைப் பிரித்து நடுவில் வைக்கும் கேட்வே பெட்டி: மூன்றையும் இன்று சொல்வதாக எழுதி வந்தேன். அவற்றில் கேட்வே பற்றி மட்டும் ஒரு வரி. பொழுதுபோக்குத் திரையை ஒரு லைனிலும் பிரேக்கை இன்னொரு லைனிலும் வைத்து, தேவையான செய்தியை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விடுவது அதன் வேலை. நன்றி, வணக்கம்.