அலுமாரிக்குள் கிடந்த மூன்று குட்டி சிடி

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில்தான் இருக்கிறேன். பெயின்ற் அடிக்கிறதுக்காக அலுமாரியை ஒதுக்கினோம், அப்பாவின் சிடிப் பெட்டி வெளியே வந்தது. எல்லாம் கலியாண வீடு, சாமத்திய வீடு. ஒரு வீசிடியில் 74 நிமிடம்தான் பிடிக்கும், அதனால் அக்காவின் கலியாணமே மூன்று சிடி. மூன்றாவது முழுக்கச் சாப்பாட்டுப் பந்தி!

அதற்கு அடியில்தான் இவை கிடந்தன. கிட்டக் காட்டுகிறேன், பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற மூன்று குட்டி சிடி, குறுக்களவு 8 சென்ரிமீற்றர். மேலே ஒரு எழுத்தும் இல்லை. தம்பி பார்த்த உடனே "கேம்கியூப் கேம்" என்றான். கேம்கியூப் என்றால் டிவியில் கேம் விளையாடுகிற நின்டெண்டோ பெட்டி. அதுவும் இதே அளவுதான், ஆனால் எங்கள் வீட்டில் கேம்கியூப் இருந்ததே இல்லை.

டிவிடி பிளேயர் ஒன்றையும் எடுக்கவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் காட்டினேன். "பழுதாப் போச்சு, எறியுங்கோ" என்றார். மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ரியூப் லைற்றுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். நடு ஓட்டைப் பக்கத்திலிருந்து முக்கால்வாசி தூரத்துக்கு ஒரு நிறம், அதற்கு வெளியே வேறொரு நிறம். பதிந்த இடம் நிறம் மாறித் தெரியும், இவற்றில் பதிவு உள்ளேயிருந்து வெளியே போகும். அப்போ இதில் என்னவோ இருக்கிறது!

அம்மாவைக் கேட்டேன். "மாமா கனடாவிலயிருந்து கொண்டு வந்த கமராவின்ர சிடியடா அது" என்றா. கட்டிலுக்குக் கீழே தூசிக்குள் கமராவும் இருந்தது. பற்றரி செத்துவிட்டது, சார்ஜர் வயரை நேரே குத்தினால் வேலை செய்கிறது.

விஷயம் இதுதான். நாங்கள் சிடி என்று சொன்னாலும் இவை குட்டி டிவிடிகள். கமராவில் எடுத்து முடித்ததும் 'பைனலைஸ்' செய்ய வேண்டும். அப்போதுதான் எது எங்கே இருக்கிறது என்ற விபரம் சிடியில் முழுதாக எழுதப்படும். அது இல்லாவிட்டால் பிளேயருக்குப் படம் எங்கே என்று தெரியாது. மாமா அதைச் செய்யவேயில்லை. நான் பட்டனை அழுத்தினேன். நடுவில் கரண்ட் போனால் சிடி கெட்டுவிடும் என்று நெஞ்சு படபடத்தது. 2022 இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த ஆக்களுக்கு இந்தப் பயம் லேசில் போகாது.

நல்லகாலம், கரண்ட் போகவில்லை. இரண்டு சிடியும் இப்போது சாதாரண பிளேயரில் ஓடுகிறது.

மூன்றாவதுதான் விசித்திரம். அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள் வெட்டி விட்டது போல, தெரிகிறதா? கீறல் இல்லை. இது டிவிடி-ராம், அதாவது திரும்பத் திரும்ப அழித்துப் பதியக்கூடிய ஒரு வகை டிவிடி, அந்தக் கோடுகள் தயாரிக்கும்போதே போட்ட அடையாளங்கள். இதற்கு பைனலைஸ் தேவையில்லை, ஆனால் அனேகமான பிளேயர் எடுக்காது. அதனால் கமராவிலேயே ஓட விட்டு, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரால் லப்டொப்பில் பதிகிறேன்.

இதோ, மேல்மாடி. பின்னால் கடல், கரையோரம் தண்டவாளம். அம்மம்மா கொடியில் சீலை காயப்போட்டுவிட்டுத் திரும்புகிறா. கமராவைக் கண்டதும் போட்டோ என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறா. "அம்மா, இது வீடியோ, கதையுங்கோ" என்கிறார் மாமா. அவ அசையவே இல்லை. கோச்சி ஒன்று கூவிக்கொண்டு முழுதாகக் கடந்து போகிறது. அதற்குப் பிறகுதான் உதட்டை மட்டும் அசைத்து மெதுவாகக் கேட்கிறா:

"எடுத்திட்டியா?"