‘நெகட்டிவ்’ என்றுதானே எழுதியிருக்கிறது, பிறகு எதற்கு இந்த மாத்திரை?

[காட்சி: மேசைமேல் ஒரு கிளினிக் கொப்பி. மூலைகள் சுருண்டிருக்கின்றன. ஒரு விரல் மெல்லப் பக்கங்களைப் புரட்டுகிறது.]

வணக்கம். மலையகத்தில் இந்தக் கொப்பி இல்லாத வீடு குறைவு. மழைக்கு நனையாமல் ஷொப்பிங் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்போம். கிளினிக் நாளில் விடியுமுன் எழுந்து ஹட்டனுக்குப் புறப்படும்போது பணப்பையை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

இன்று பேசப்போவது இதற்குள் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றி. “ஹெபடைடிஸ் பி – நெகட்டிவ்.”

கதைக்காக ஒரு குடும்பத்தை நானே உண்டாக்கிக்கொள்கிறேன். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம், லயத்தில் கடைசி வீடு. அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது. ஈரல் சுருங்கிவிட்டது, வயிற்றில் நீர் கட்டுகிறது, இரண்டு தடவை இரத்தமாக வாந்தி எடுத்துவிட்டார். ஈரல் வருத்தம் என்றாலே “எல்லாம் கசிப்பின் வேலை” என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். இவர் கசிப்பைத் தொட்டதே இல்லை. நீரிழிவும் ஈரலில் படியும் கொழுப்பும் சேர்ந்தால் குடிக்காதவரின் ஈரலும் இப்படி இறுகிப்போகும். இலங்கையில் அப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கோபத்தை இன்னொரு வீடியோவுக்கு வைத்துக்கொள்கிறேன்.

மகன் 1993இல் பிறந்தவன். கொழும்பில் ஒரு கடையில் வேலை. தன் ஈரலில் ஒரு பகுதியை அப்பாவுக்குத் தர முன்வருகிறான். இலங்கையில் ராகமையிலும் கொழும்பிலும் ஈரல் மாற்று சத்திரசிகிச்சை நடக்கிறது. பணம் புரட்ட முடிந்தவர்கள் இந்தியாவுக்கும் போகிறார்கள். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த மாத்திரைகளில் ஒன்று என்டெகாவிர். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு எதிரான மருந்து.

ஒரு வருடம் கழித்து அத்தை பார்க்க வருகிறார். கொப்பியைப் புரட்டுகிறார். அப்பாவுக்கும் நெகட்டிவ், மகனுக்கும் நெகட்டிவ். “அண்ணா, நெகட்டிவ் என்றுதானே எழுதியிருக்கிறது, பிறகு எதற்கு இந்த மாத்திரை?”

நியாயமான கேள்வி. கேட்டதில் தவறே இல்லை. யாரும் பதில் சொல்லாததால் அப்பா அந்த ஒரு மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார் என்பதுதான் சிக்கல். சில மாதங்களில் கண் மஞ்சளாகிறது. இப்போது அதே சோதனை பொசிட்டிவ்.

[காட்சி: காய்ந்த மலைச்சரிவு. மானாப்புல் எரிந்து கருகிக் கிடக்கிறது.]

எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில் உறவுக்காரர்கள் ஆஸ்பத்திரி ஊசியைச் சொல்வார்கள், ஏற்றிய இரத்தத்தைச் சொல்வார்கள், சிலர் வாய் கூசாமல் ஒழுக்கத்தையும் இழுப்பார்கள். வந்த வழி வேறு. மகன் கொடுத்த ஈரலுக்குள்ளேயே அது இருந்தது. மகனுக்கும் தெரியாது.

திரையில் தெரியும் மலையைப் பாருங்கள். வெயில் காலத்தில் யாரோ நெருப்பு வைத்துவிட்டார்கள். மேலே ஒரு தாள் புல்கூட மிஞ்சவில்லை. புகைப்படம் எடுத்துக் காட்டினால் “இங்கே மானா இல்லை” என்றுதான் எவரும் சொல்வார்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். முதல் மழைக்கு அது முளைத்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படித்தான். அதன் மரபுக் குறிப்பு முழுவதும் ஏறத்தாழ 3,200 எழுத்துகள்தான். மனிதனுடையது சுமார் 300 கோடி. இத்தனூண்டு பொருள் ஈரல் கலத்தின் கருவுக்குள் நுழைந்து, தன் மரபுக் குறிப்பை ஒரு மூடிய வட்டமாகச் சுருட்டி வைத்துக்கொள்கிறது. அந்த வட்டம்தான் வேர். உடலின் நிர்ப்பீடனம் இரத்தத்தில் திரியும் வைரஸை அழித்துவிடும். காய்ச்சலும் மஞ்சளும் வந்த சுவடில்லாமல் போய்விடும். கருவுக்குள் இருக்கும் வட்டத்தை அது எட்டிப் பிடுங்குவதில்லை, வாயிலில் காவல் மட்டும் இருக்கிறது.

வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொற்று வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானாகவே அடங்கிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் நிலைமை தலைகீழ்: பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு நாட்பட்ட நோயாகத் தங்கிவிடும். நமது கதையின் மகனுக்கு எப்போதோ வந்து அடங்கியிருக்கிறது. பலருக்கு அறிகுறியே இருக்காது. இருந்திருந்தாலும் “மஞ்சள் காமாலை” என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருப்பார்கள், அதுவாகவே சுகமாகியிருக்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போயிருக்கும்.

[காட்சி: மூன்று இரத்தக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது.]

சரி, சோதனை ஏன் பொய் சொன்னது? அது பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

கொப்பியில் நாம் பார்க்கும் அந்தச் சோதனை வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தேடுகிறது. புளூம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களில் அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் கண்டறிந்த அதே புரதம். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மேலுறை இரத்தத்தில் மிதந்தால் பொசிட்டிவ். வைரஸ் கருவுக்குள் உறங்கினால் மேலுறை வெளியே வராது, நெகட்டிவ். அதாவது, எரிந்த மலையில் புல் தாள் தேடும் சோதனை இது.

இரண்டாவது சோதனை மேலுறைக்கு எதிரான பிறபொருளெதிரியை, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை, தேடுகிறது. தடுப்பூசி போட்டவர்களிடமும் இது இருக்கும், நோய் வந்து தேறியவர்களிடமும் இருக்கும்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. வைரஸின் உள்மையப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி. ரிப்போர்ட்டில் ‘கோர்’ என்று வரும். தடுப்பூசியில் மேலுறைப் புரதம் மட்டுமே இருக்கிறது, உள்மையம் இல்லை. ஆகவே தடுப்பூசியால் இது உண்டாக முடியாது. கோர் பொசிட்டிவ் என்றால் அந்த உடல் எப்போதோ உண்மையான வைரஸையே சந்தித்திருக்கிறது. நமது மகனுக்கு முதல் சோதனை நெகட்டிவ், கோர் பொசிட்டிவ். அத்தை முதல் வரியோடு நின்றுவிட்டார். மூன்று வரிகளுக்குக் கீழே இது இருந்தது.

இந்தச் சோதனையிலும் பிடிபடாத சிலர் உண்டு. மறைந்த தொற்று உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எந்தப் பிறபொருளெதிரியும் தெரியாது. வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடினாலும் இரத்தத்தில் ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. நிச்சயமாகச் சொல்ல ஈரல் திசுவில்தான் பார்க்க வேண்டும். 2008இல் இத்தாலியின் தாவோர்மினா நகரில் நிபுணர்கள் கூடி எழுதிய வரைவிலக்கணமும் இதுதான்: மேலுறைச் சோதனை நெகட்டிவ், ஈரலில் வைரஸின் மரபணு உண்டு.

இப்படி ஒளிந்திருப்பதால் மகனுக்கு என்ன கெடுதல்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அவனுடைய காவல்காரர்கள் விழித்திருக்கிறார்கள். பிரச்சினை, அந்த ஈரல் இடம் மாறியதில்தான்.

அப்பாவின் உடல் புதிய ஈரலை அந்நியன் என்று அடித்து விரட்டக் கூடாது. அதற்காக டக்ரோலிமஸ் போன்ற மருந்துகளால் அவருடைய நிர்ப்பீடனத்தை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார்கள். அவர் இந்த வைரஸை முன்பு சந்தித்ததும் இல்லை. காவலுக்கு ஆள் இல்லாத வீட்டில், உறங்கும் திருடனோடு சேர்த்து ஓர் அறையைப் புதிதாகக் கட்டிக்கொடுத்தது போலாகிவிட்டது. இத்தகைய ஈரலைப் பெற்று, தடுப்பு மருந்து எதுவும் எடுக்காத, வைரஸையே அறியாதவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி வந்திருக்கிறது. பெறுபவருக்குப் பழைய தொற்றின் தடயம் ஏற்கெனவே இருந்தால் அது ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தாகக் குறைகிறது. சிறுநீரகத்தைத் தானம் பெறுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. வேர் இருப்பது ஈரலில் அல்லவா.

இதில் எனக்கு மிகவும் கவலை தரும் இடம் ஒன்று உண்டு. வைரஸ் எழும்பினாலும் ஈரல் நொதிகள் உயரும். உடல் ஈரலை நிராகரித்தாலும் அதே நொதிகள் உயரும். நிராகரிப்பு என்று எண்ணி நிர்ப்பீடனத்தை இன்னும் அடக்கினால், எழும்பிய வைரஸுக்கு அது பசளை. ஆகவேதான் இரத்தத்தில் வைரஸின் மரபணுவை அளக்கிறார்கள், தேவைப்பட்டால் ஈரலில் ஊசியால் துளித் திசு எடுத்துப் பார்க்கிறார்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைத்த நோயாளி, வைத்தியரைத் தவறான பாதையில் அனுப்பிவிடுகிறார். பேச்சு வாங்குவோம் என்று பயந்து நம்மவர்கள் மறைப்பது எனக்குத் தெரியும். சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் மகனின் ஈரலை எடுத்ததே பிழையா? இல்லை. கோர் பொசிட்டிவ் ஈரல்களைத் தள்ளிவிட்டால், ஈரலுக்காகக் காத்திருந்தே எத்தனையோ பேர் இறந்துபோவார்கள். லமிவுடின், என்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளில் ஒன்றை எடுத்துவந்தால் இந்த ஈரல் பாதுகாப்பாகவே வேலை செய்யும். மாத்திரை வேரைப் பிடுங்காது, முளையை எழும்பவிடாது. அதனால்தான் அது ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ அல்ல, பெரும்பாலும் ஆயுளுக்கும். சத்திரசிகிச்சைக்கு முன்பே அப்பாவுக்குத் தடுப்பூசியும் போட்டுப் பார்ப்பார்கள். ஈரல் சிதைந்தவர்களின் உடலில் அது முழுமையாகப் பிடிப்பதில்லை என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெறுபவருக்கே பழைய தொற்று இருந்து, தருபவருக்கு இல்லை என்றால்? வேரோடு பழைய ஈரலே போய்விடுகிறது. இரத்தக் கலங்களில் கொஞ்சம் ஒளிந்திருக்கலாம், ஆனால் ஆபத்து மிகக் குறைவு; கண்காணிப்பே பெரும்பாலும் போதும்.

நமது கதையின் அப்பா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அதிர்ஷ்டவசமாக இந்த வைரஸுக்கு மருந்து வேலை செய்யும். மீண்டும் தொடங்கிய மாத்திரையால் நொதிகள் மெல்ல இறங்கின. கதை என் கையில் இருப்பதால் அவரைப் பிழைக்க வைத்தேன். காலம் தாழ்த்தினால் புதிய ஈரலையே இழக்க நேரலாம்.

அந்த நாட்களில் அத்தை அவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பீங்கான் வைத்தாராம். வேண்டாம். கோப்பையாலும் சோற்றாலும் இது தொற்றாது. இரத்தம், உடலுறவு, பிரசவம், சவரக்கத்தி, ஊசி – வழி இவைதான். வீட்டில் உள்ள மற்றவர்களுக்குச் சோதனை செய்து தடுப்பூசி போட்டால் போதும். இலங்கையில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில், அதாவது இன்று பெற்றோருக்கு ஈரல் தரும் வயதில் இருப்பவர்களில், பலருக்கு அந்த ஊசி போடப்பட்டிருக்காது.

[காட்சி: இரவு. லயத்து வீட்டில் சுவர்க்கடிகாரம், மணி ஒன்பதரை. ஒரு டம்ளர் வெந்நீர்.]

என்டெகாவிரை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்: சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு. காலையில் தேத்தண்ணீர், ரொட்டி, பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) ஓட்டம் என்று இருக்கும் வீட்டில் அதற்கு இடமில்லை. ஏழு மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்து, ஒன்பதரைக்கு எடுப்பது சுலபம். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பஸ் ஓடாது, கிளினிக் தவறும். இரண்டு வாரத்துக்கு அதிகமாகவே கையில் இருக்கும்படி வைத்தியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. திடீரென்று காய்ச்சலோடு பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், அங்கே கொப்பியைத் திறப்பவர் முதல் வரியை மட்டும் பார்க்கக்கூடும். மகன் இப்போது அட்டையிலேயே எழுதிவிட்டான்.

[காட்சி: கொப்பியின் அட்டை. நீலப் பேனாவில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில்: “ஈரல் தந்தவர் கோர் பொசிட்டிவ். என்டெகாவிரை நிறுத்த வேண்டாம்.”]