டெனிஸ் லா: அடித்தவரே கொண்டாடாத கோல்

[திரையில்: 1974 ஏப்ரல் 27, ஓல்ட் டிராஃபோர்டு]

இங்கிலாந்து கால்பந்து லீக்கில், ஒரே ஊரின் இரண்டு கிளப்புகளான மான்செஸ்டர் யுனைடெட்டும் மான்செஸ்டர் சிட்டியும் மோதுகின்றன. ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை, இன்னும் 0-0. சிட்டியின் பிரான்சிஸ் லீ பந்தை உள்ளே தள்ளுகிறார். கோலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கும் சிட்டி வீரர் ஒருவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிகாலால் ஒரு தட்டு தட்டுகிறார். பந்து வலைக்குள் போய்விட்டது.

வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். சக வீரர்கள் ஓடிவந்து தட்டிக்கொடுக்கிறார்கள். அவரோ தலையைத் தொங்கப் போட்டபடி நடக்கிறார். கோல் அடித்த ஆள் மாதிரியே இல்லை. உடனே அவரை வெளியே அழைத்து மாற்று ஆளை இறக்குகிறார்கள்.

அவர்தான் டெனிஸ் லா. யுனைடெட் ரசிகர்கள் 'ராஜா' என்று கூப்பிட்ட ஆள்.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1940-இல் பிறந்தவர். 1962-இல் இத்தாலியின் டோரினோவிடமிருந்து 1,15,000 பவுண்டு கொடுத்து மேனேஜர் மேட் பஸ்பி அவரை யுனைடெட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் பிரிட்டனில் அது சாதனைத் தொகை. 404 ஆட்டங்களில் 237 கோல். 1964-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது. 1968-இல் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது மட்டும் முழங்கால் காயத்தால் இறுதி ஆட்டத்தில் ஆட முடியவில்லை.

அப்புறம் 1973. பஸ்பி இப்போது மேனேஜர் இல்லை. லாவின் சக வீரர் பாபி சார்ல்டன் ஓய்வு பெற்றார். புது மேனேஜர் டாமி டொக்கர்ட்டி, லாவை ஃப்ரீ டிரான்ஸ்ஃபரில் விட்டார். அதாவது ஒரு பைசா வாங்காமல், 'எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்' என்று. டொக்கர்ட்டியும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக லா பின்னாளில் சொன்னார். பதினொரு வருடம் உழைத்த இடத்திலிருந்து இப்படி வெளியே வந்தவரை, ஊரின் இன்னொரு கிளப்பான சிட்டி சேர்த்துக்கொண்டது. சிட்டி அவருக்குப் புது வீடு அல்ல. டோரினோவுக்குப் போகும் முன் அங்கேதான் ஆடினார். ஆக, இரண்டு கிளப்புக்குமே அவர் 'பழைய ஆள்'.

லா போன யுனைடெட் கந்தலாகிவிட்டது. அந்த சீசனில் கோல் அடிக்க ஆளில்லாமல், கோல்கீப்பர் அலெக்ஸ் ஸ்டெப்னியே பெனால்டி அடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மறுபடியும் அந்த நாளுக்கு வருவோம். கோல் விழுந்ததும் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிவிட்டார்கள். பஸ்பியே ஒலிபெருக்கியில் 'இடத்துக்குப் போங்கள்' என்று கெஞ்ச வேண்டியிருந்தது. பலனில்லை. ஆட்டத்தைச் சில நிமிடம் முன்பே நிறுத்திவிட்டார்கள். லீக் நிர்வாகம் 1-0 முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. யுனைடெட் கீழ்மட்ட லீக்கான இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

இன்றுவரை பலர் சொல்லும் கதை இதுதான்: தன் பழைய கிளப்பை லாவே ஒரு குதிகாலால் கீழே தள்ளினார்.

கதை நன்றாக இருக்கிறது. கணக்குதான் ஒத்துவரவில்லை.

[திரையில்: புள்ளிப் பட்டியல்]

அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். அந்த ஆட்டத்துக்கு முன் யுனைடெட்டிடம் இருந்தது 32 புள்ளி, மிச்சம் இரண்டு ஆட்டம். இரண்டையும் ஜெயித்தாலும் 36தான். தப்பிக்க யுனைடெட் முந்த வேண்டியிருந்த பர்மிங்ஹாம் சிட்டி, அதே நாளில் நார்விச்சை 2-1 என வென்று 37-க்குப் போய்விட்டது. லா அந்தப் பந்தைத் தொடாமலே இருந்தாலும், யுனைடெட்டே பத்து கோல் அடித்திருந்தாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் புள்ளிப் பட்டியலை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? ஒரு குதிகாலும் ஒரு வாடிய முகமும்தான் நிற்கிறது.

பழைய கிளப்புக்கு எதிராக அடித்துவிட்டுக் கொண்டாடாமல் இருப்பது இன்று கிட்டத்தட்டச் சம்பிரதாயம். 2000-இல் ரோமாவுக்காக ஃபியோரென்டினாவுக்கு எதிராக அடித்த பாட்டிஸ்டுடா அழுதேவிட்டார். 2014-இல் செல்சிக்கு எதிராக சிட்டிக்காக அடித்த லாம்பார்டு, கொண்டாடவே இல்லை. செல்சிக்காக 211 கோல் அடித்த ஆள் அவர். எல்லோரும் அப்படி இல்லை. 2009-இல் சிட்டிக்காக அடித்த அடிபயோர் முழு மைதானத்தையும் ஓடிக் கடந்து, தன் பழைய கிளப்பான ஆர்சனலின் ரசிகர்கள் முன்னால் போய்ச் சறுக்கிக் கொண்டாடினார். இப்போதெல்லாம் சில வீரர்கள், ஆறு மாதம் ஆடிய கிளப்புக்குக்கூடக் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்கிறார்கள். அது எனக்குக் கொஞ்சம் நாடகமாகத்தான் தெரியும். லாவுக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. முப்பது வருடம் கழித்துக் கேட்டபோதும் அந்த வருத்தம் போகவில்லை என்றார்.

அதுதான் அவருடைய கடைசி லீக் ஆட்டம். அந்தக் கோடையில் உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்காக ஜயரேவுடன் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஒரு ஆட்டம் ஆடினார். ஆகஸ்டில் ஓய்வு. யுனைடெட் ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை. சக வீரர்கள் ஜார்ஜ் பெஸ்ட், சார்ல்டன் இருவரோடும் அவர் நிற்கும் சிலை 2008 முதல் ஓல்ட் டிராஃபோர்டுக்கு வெளியே இருக்கிறது. 2025 ஜனவரியில், 84 வயதில் இறந்தார்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். 1961 ஜனவரியில், முதல் தடவை சிட்டியில் இருந்தபோது, எஃப்.ஏ. கோப்பையில் லூட்டனுக்கு எதிராக லா ஆறு கோல் அடித்தார். சிட்டி 6-2 முன்னிலை. மழையில் களம் குளமாகி, 69-ஆவது நிமிடத்தில் ஆட்டம் கைவிடப்பட்டது. மறுபடி நடந்த ஆட்டத்தில் சிட்டி 3-1 எனத் தோற்றது. அந்த ஒரு கோலையும் அடித்தவர் லாதான். பாதியில் நின்ற அந்த ஆட்டத்தின் ஆறு கோலும் கணக்கிலிருந்து அழிந்துவிட்டன. பாதியில் நின்ற இன்னொரு ஆட்டத்தின் ஒரு கோல் மட்டும் அழியவில்லை.