மூன்று வாரத்தில் ஒரு பழைய தோட்டம்

(குன்னூரில் தோட்ட ஆர்வலர்கள் கூடிய மாலையொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ரோஜாவுக்குக் கவாத்து எப்போது, உரம் எவ்வளவு என்று பேசச் சொல்வார்கள் என நினைத்திருந்தேன். செயலாளர் நேற்று போனில் கூப்பிட்டு, "சார், லண்டன்ல ஒரு பூக்காட்சி பார்த்துட்டு வந்தீங்களே, அதைப் பத்திச் சொல்லுங்க" என்றார். சரி, சொல்கிறேன். ஆனால் அங்கே நான் பார்த்ததில் பூ கொஞ்சம்தான்.

பூக்காட்சி என்றதும் நமக்கு ஊட்டிதான். மே மாதம், படி படியாக அடுக்கிய தொட்டிகள், கார்னேஷனைக் குத்திக் குத்திச் செய்த யானையோ ரயிலோ, அதன் முன்னால் செல்ஃபி. அது நடக்கிற ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848இல் உருவாக்க வந்த மெக்கைவர், லண்டனில் கியூ என்கிற தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அதனால் அந்த ஊர்ப் பழக்கம் நமக்குக் கொஞ்சம் ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்துவிட்டு வந்தது, லண்டனில் செல்சி என்கிற பகுதியில் நடக்கும் போட்டி, வேறு ஜாதி. அங்கே போட்டிக்கு நிறுத்துவது பூவை அல்ல, முழுத் தோட்டத்தை. மரம், குளம், சுவர், நடைபாதை எல்லாம் சேர்ந்த தோட்டம். காட்சி நடப்பதோ ஐந்தே நாள்.

இடம் ராயல் ஹாஸ்பிட்டல். பெயரைக் கேட்டு மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். வயதான ராணுவ வீரர்கள் தங்கும் இல்லம் அது, 1692இலிருந்து இருக்கிறது. சிவப்புக் கோட்டுப் போட்ட தாத்தாக்கள் அங்கே இன்றும் நடமாடுகிறார்கள். அவர்களுடைய மைதானத்தில் 1913இலிருந்து இந்தக் காட்சி நடக்கிறது. நடத்துவது ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி, 1804இல் ஆரம்பித்த சங்கம். இரண்டு உலகப் போர்களிலும் காட்சி நின்றது. கொரோனாவில் ஒரு முறை நின்றது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பெரிய தோட்டம் ஒன்றுக்கு அங்கே கிடைக்கும் இடம், அதிகபட்சம் 22 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நம் கணக்கில் ஐந்தரை சென்ட். இங்கே ஒரு வீட்டு மனை. மே மாதத் தொடக்கத்தில் அது வெறும் புல்தரை. ஏறத்தாழ மூன்று வாரம் தருவார்கள். அதற்குள் மண்ணைத் தோண்டி, சுவர் எழுப்பி, தண்ணீர் விட்டு, முழு வளர்ச்சி அடைந்த மரத்தைக் கிரேனில் இறக்கி நிறுத்தி, அதன் கீழே ஆயிரக்கணக்கில் செடி நட்டு முடிக்க வேண்டும். லாரி வரவும் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். தவறினால் பின்னால் நிற்கும் அத்தனை வண்டியும் முடங்கும். இவ்வளவும் முடிந்து பார்க்கிறவர் மனதில் என்ன தோன்ற வேண்டும் தெரியுமா? "இது முப்பது வருஷமாக இங்கேயே இருக்கிறது போல" என்று தோன்ற வேண்டும். சுவரிடுக்கில் பாசி, கல்லோரத்தில் தானாக முளைத்த மாதிரி ஒரு பெரணி. அந்தப் பெரணியையும் ஒருவர் மண்டி போட்டு உட்கார்ந்து நட்டிருப்பார்.

நான் போனது 2019இல், ஒரு வியாழக்கிழமை. அந்த வருஷம் மிகச் சிறந்த தோட்டம் என்று பரிசு வாங்கியது ஆண்டி ஸ்டர்ஜன் வடிவமைத்தது. பிரம்மாண்டமான ஓக் மரத் துண்டுகளைக் கரியாகும்வரை தீயில் வாட்டி, பாறை முகடு மாதிரி நிறுத்தியிருந்தார். கன்னங்கரேலென்று இருந்தது. அந்தக் கருப்புக்குக் கீழே, நடுவே, இடுக்கில் எல்லாம் பச்சை. பூ என்று தேடினால் அங்கங்கே ஒன்று. தோட்டத்துக்குள் நம்மை விட மாட்டார்கள், கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற கூட்டம் நகரவே இல்லை. நானும் அப்புறம் நகரவில்லை. தீப்பிடித்து எரிந்த காடு மறுபடி தழைக்கிற மாதிரி இருந்தது. நம் மலையில் வெயில் காலத்துத் தீக்குப் பிறகு முதல் மழையில் பார்ப்போமே, அதே பச்சை.

பார்க்கிறவருக்கு அது காடு. செய்கிறவருக்கு அது காலண்டர். நர்சரி வைத்திருக்கிற ஆள் என்பதால் எனக்கு இதில்தான் கண். குறித்த ஒரு திங்கட்கிழமை காலையில் நடுவர்கள் வருவார்கள். அன்றைக்கு எல்லாம் பூத்திருக்க வேண்டும். முந்தின வாரம் பூத்தால் கொட்டிவிடும், அடுத்த வாரம் பூத்தால் யாருக்கு? ஒருமுறை ஒரு காட்சிக்கு நான் டேலியா தயார் செய்தேன். தண்ணீர், உரம், எல்லாம் நேரப்படி. கடைசி இரண்டு வாரம் மேகமூட்டம். காட்சி முடிந்த மூன்றாம் நாள் அத்தனையும் ஒன்றாகப் பூத்தது. என் மனைவி, "பக்கத்து வீட்டுக்காரங்களுக்காவது காட்டுங்க" என்றாள்.

செல்சிக்கு வளர்க்கிறவர்கள் இந்தத் திங்கட்கிழமையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் பூக்கும் டேஃபடில் கிழங்குகளைக் குளிரறையில் தூங்க வைத்து மே கடைசிக்கு இழுப்பார்கள். ஜூனில் பூக்க வேண்டிய டெல்ஃபினியத்தைக் கண்ணாடிக் குடிலில் சூடு காட்டி முன்னால் தள்ளுவார்கள். ஒரே செடியில் மூன்று கூட்டம் வைத்திருப்பார்கள். ஒன்று வெளியே, ஒன்று குடிலில், ஒன்று நிழலில். எந்தக் கூட்டம் நாளுக்குச் சரியாக வருகிறதோ அது லாரி ஏறும், மற்றது ஏறாது. தேவைக்கு மேல் வளர்ப்பது வீண் செலவில்லை, காப்பீடு. கடைசி ராத்திரி ஐரிஸ் மொட்டு விரிய மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஹேர் டிரையரைக் காட்டுவதும் உண்டு. சிரிக்காதீர்கள், கல்யாண மாலைக்கு மல்லி மொட்டை ஈரத் துணியில் சுற்றி வைத்து நேரம் பார்த்து எடுக்கிறோமே, நாமும் அதே ஆள்தான்.

கடைசி நாள் வேலை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சுவர் முடிந்துவிட்டது, மரம் நின்றுவிட்டது. இப்போது மண்ணை மிதிக்கக் கூடாது என்று பலகை போட்டு அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்வார்கள். ஒருவர் கையில் சின்னக் கத்தரிக்கோல், ஓரம் பழுத்த இலையை மட்டும் நறுக்குவார். இன்னொருவர் பெயின்ட் பிரஷ்ஷால் இலையில் விழுந்த சிமென்ட் தூசியைத் தட்டுவார். செடியின் நல்ல முகம் எது என்று பார்த்துத் திருப்பி வைப்பார்கள். நம் வீட்டில் பெண் பார்க்க வருகிற நாள் மாதிரி ஒரு பதற்றம்.

சரி, நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? நம் ஊர்ப் போட்டிகளில் முதல் பரிசு ஒன்று, இரண்டாம் பரிசு ஒன்று. அங்கே பக்கத்துத் தோட்டத்தோடு ஒப்பிட்டுப் பதக்கம் போடுவதில்லை. தங்கம், வெள்ளி கில்ட் (தங்க முலாம் பூசிய வெள்ளி), வெள்ளி, வெண்கலம் என்று நான்கு தரம். தகுதி இருந்தால் பத்துப் பேருக்கும் தங்கம், இல்லாவிட்டால் ஒருவருக்கும் கிடையாது. முக்கியமான சங்கதி என்னவென்றால், வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தோட்டம் யாருக்கு, எந்த மாதிரி இடம், எதற்கு என்று. நடுவர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தோட்டத்தைப் பார்ப்பார். "காட்டு நிழல்" என்று எழுதிவிட்டு வெயில் கேட்கிற செடியை நட்டிருந்தால் மார்க் போய்விடும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். அழகு பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்லலாம். எழுதிக் கொடுத்த வார்த்தையைப் பற்றிச் சண்டை போட முடியாது. இதை நம் ஊர்க் காட்சிகளிலும் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நடுவருக்கும் பாதித் தலைவலி குறையும்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அட்டை வரும். அதில் பதக்கம் எழுதியிருக்கும். பணப் பரிசு கிடையாது. ஆனால் பெரிய தோட்டத்துக்குச் செலவு லட்சக்கணக்கில், பவுண்டில். ஷாம்பெயின் கம்பெனியும் முதலீட்டு நிறுவனமும் பணம் போட்டிருக்கின்றன. ஐந்து நாள் காட்சிக்கு இவ்வளவா என்று எனக்கும் வயிறு எரிந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்கும் எரிந்திருக்க வேண்டும். இப்போது தோட்டம் காட்சிக்குப் பிறகு எங்கே போகிறது என்பதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். 2023இல் மிகச் சிறந்த தோட்டமாக வந்தது ஹொரேஷியோஸ் கார்டன். சார்லட் ஹாரிஸ், ஹ்யூகோ பக் இருவரும் செய்தது. ஹொரேஷியோ சாப்பிள் என்று ஒரு பையன். அப்பா முதுகுத்தண்டு அறுவை மருத்துவர். பையன் சால்ஸ்பரி மருத்துவமனையில் தொண்டு வேலை செய்தபோது, முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறான். உங்களுக்கு ஒரு தோட்டம் இருந்தால் அதில் என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எழுதி வாங்கியிருக்கிறான். 2011இல், 17 வயதில், வடதுருவப் பக்கம் ஒரு பயணத்தில் பனிக்கரடி தாக்கி இறந்துபோனான். அடுத்த வருஷமே அந்த மருத்துவமனையில் தோட்டம் வந்தது. பிறகு ஊர் ஊராக வந்தது.

செல்சியில் நின்ற தோட்டம் ஷெஃபீல்டு மருத்துவமனைக்குப் போக வேண்டியது. அதனால் பாதையில் உதிரி ஜல்லி கிடையாது, சக்கர நாற்காலி புதையும். படி கிடையாது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு வரப்படுகிற ஒருவர் மல்லாந்து படுத்திருப்பார். அவர் கண்ணுக்குத் தெரிவது பூவின் முகமல்ல, இலையின் அடிப்பக்கமும் கிளைக்கு நடுவே வானமும்தான். நாற்பது வருஷம் செடி வளர்த்திருக்கிறேன், ஒரு தடவையும் படுத்துப் பார்த்ததில்லை.

களை பற்றியும் ஒரு வார்த்தை. பெத் சாட்டோ என்று ஓர் அம்மா, எசெக்ஸில் நர்சரி வைத்திருந்தவர். ஆரம்பத்தில் அவர் கொண்டுவந்த செடிகளைப் பார்த்து நடுவர் ஒருவர், இதெல்லாம் களை, போட்டியிலிருந்து நீக்குங்கள் என்றாராம். அந்த அம்மா செல்சியில் 1977இல் ஆரம்பித்துத் தொடர்ச்சியாகப் பத்துத் தங்கம் வாங்கினார். 2022இலோ, நீர்நாய் மாதிரி ஒரு பிராணி, பீவர், அது கட்டிய அணை, பட்டுப்போன மரம், ஓரத்துப் புல், இதுதான் மிகச் சிறந்த தோட்டம். இது தோட்டமா என்று அங்கேயும் சண்டை நடந்தது. ஆனால் தோட்டத்தில் வைக்கும் குள்ளன் பொம்மைக்கு மட்டும் அங்கே ரொம்ப காலம் தடை இருந்தது. நூற்றாண்டு வந்த 2013இல் விதிவிலக்காக விட்டார்கள்.

கொரோனா பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2020இல் மைதானத்தில் காட்சி இல்லை, இணையத்தில் நடத்தினார்கள். 2021இல் மே மாதம் முடியாமல் செப்டம்பரில் வைத்தார்கள். வரலாற்றில் முதல் முறை. மேயை நம்பி வளர்த்ததெல்லாம் உதவாது. ஐரிஸ் போய், ஃபாக்ஸ்குளோவ் போய், டேலியாவும் ஆஸ்டரும் வந்தன. என் டேலியாவுக்கும் அந்த மாதிரி காட்சியைத் தள்ளிவைக்கிற ஓர் அமைப்பாளர் கிடைத்திருக்கலாம்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். மீந்த செடிகள் விற்பனை. ஆளுயர டெல்ஃபினியத்தைக் குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு பாட்டிமார்கள் சுரங்க ரயிலில் ஏறுவது அங்கே வருஷா வருஷம் நடக்கிற வேடிக்கை. அதன் பிறகு சுவரை இடித்து, பள்ளத்தை மூடி, புல்லை மறுபடி போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

முன் வரிசையில் அம்மா ஒருவர் கை தூக்குகிறார். என்ன கேட்கிறீர்கள்? அந்தப் பாட்டி வாங்கிப்போன செடி பிழைக்குமா என்றா? டெல்ஃபினியம் பல வருஷம் வாழ்கிற செடிதான். பூத்த தண்டை அடியோடு நறுக்கி, நல்ல மண்ணில் வைத்து, நத்தை தின்னாமல் பார்த்துக்கொண்டால் பிழைக்கும். ஆனால் அடுத்த வருஷம் மே மாதம் வாசலில் நின்று எதிர்பார்க்கக் கூடாது. ஜூனோ ஜூலையோ, அதற்குத் தோன்றும்போது பூக்கும்.