மலையாளப் படத்துல வீட்டைப் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். மலையாள சினிமான்னு பேச்செடுத்தாலே "யதார்த்தமா எடுப்பாங்க சார்"னு ஒரு பதில் நம்மகிட்ட ரெடியா இருக்கு. யதார்த்தம்னா என்னப்பான்னு கேட்டா மழை, சாயாக்கடை, பழைய ஸ்கூட்டர்னு இழுப்போம். நான் சொல்றது வேற. அடுத்த தடவ பாக்கும்போது ஹீரோவ கொஞ்சம் விட்டுட்டு அந்த வீட்டைப் பாருங்க, யாரு சமைக்கிறா, யாரு உக்காந்து சாப்புடுறா, யாரு உள்ள வரலாம், யாரு வெளியவே நிக்கணும், கேரளா மாறுன கதை பாதி அதுலயே வந்துரும்.

எலிப்பத்தாயம் (எலிப்பொறின்னு அர்த்தம்), 1981, அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்தது. உண்ணின்னு ஒருத்தரு, பழைய தறவாட்டுல, அதாவது பரம்பரைக் கூட்டுக்குடும்ப வீட்டுல, கூடப்பொறந்த பொண்ணுங்க உழைக்க இவரு ஈஸிசேர்ல கெடப்பாரு, ஒரு விசேஷத்துக்குக் கெளம்புறவரு வழியில கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்குதுன்னு திரும்பி வந்துருவாரு. சோம்பேறின்னு சிரிச்சுட்டுப் போனா படம் பிடிபடாது. 1970 ஜனவரியிலயே குத்தகை முறை ஒழிஞ்சு உழுதவனுக்கு நிலம்னு ஆயிருச்சு, 1975ல சட்டம் போட்டு கூட்டுக்குடும்பச் சொத்தையும், அக்கா தங்கச்சி பிள்ளைங்களுக்கு சொத்து போற மருமக்கள்வழியையும் எடுத்துட்டாங்க (நாஞ்சில்நாட்டு ஆளுங்களுக்கு மருமக்கள்வழி பத்தி நான் கிளாஸ் எடுக்க வேண்டாம்). நெல்லு கொட்டி வெக்கிற பத்தாயத்துக்கு நெல்லு வரல, குடும்பத் தலைவர், அதான் காரணவர்ங்கிற கெத்து மட்டும் போகல. பொறியில சிக்குன எலியத் தங்கச்சி குளத்துல முக்குறதக் காட்டிட்டே வருவாங்க, கடைசில உண்ணியவே தூக்கிட்டுப் போயி குளத்துல போட்டுருவாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, அடூர் இடிச்சுக் காட்டுன அதே தறவாட்டுக்கு தொண்ணூறுகள்ல வெள்ளையடிச்சு மோகன்லால மீசையோட முற்றத்துல நிக்க வெச்சாங்க. தேவாசுரம், ஆறாம் தம்புரான்லாம் செம ஹிட்டு. நானும் விசிலடிச்சு பாத்தவன்தான், ஆனா அதையெல்லாம் முற்போக்கு சினிமா கணக்குல சேக்காதீங்க.

கல்ஃப் காசு வந்தப்புறம் வீடு கான்க்ரீட் ஆச்சு. பத்தேமாரி படத்துல மம்மூட்டி மரக்கப்பல்ல கள்ளத்தனமா துபாய் பக்கம் போயி காலம்பூரா உழைச்சு ஒரு வீடு கட்டுவாரு, அதுல வாழக் குடுத்துவைக்கல, செத்து வந்த உடம்பைக்கூட அங்க கெடத்த சொந்தக்காரங்களுக்கே மனசில்ல.

அப்புறம் 2021ல கிரேட் இந்தியன் கிச்சன். எல்லாரும் அந்த சமையல் ஷாட்ட பத்தியே பேசுறாங்க, நான் பாத்தது சிங்க்கு அடியில ஒழுகுற பைப்ப. பிளம்பரக் கூப்புடுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டே இருக்கும், புருஷன் காதுலயே ஏறாது, கீழ போட்ட சாக்கு நாறும், அத அவதான் பிழியணும். மாமனாரு கோபமே பட மாட்டாரு, ரொம்ப சாந்தமா "சோறு விறகடுப்புல வெச்சா போதும், துணி மிஷின்ல போடாதே"ங்கிற ரகம், அதான் இன்னும் எரிச்சல். கேரளத்துப் பொண்ணுங்க படிப்பு, கேரளா மாடல்னு நாம பெருமையா பேசுறோம், படிச்ச பொண்ணு அந்த சிங்க்கு முன்னாடிதான் நிக்குது. ஒழுகுன அந்தத் தண்ணிய அவ என்ன பண்ணான்னு பாக்காதவங்க பாத்துக்கோங்க.

ஆனா இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் வீடு இருந்தவங்க கதை. 2016ல ராஜீவ் ரவி எடுத்த கம்மட்டிப்பாடம்தான் எர்ணாகுளம் சிட்டி யாரு நெலத்து மேல எந்திரிச்சுச்சுன்னு கேட்டுச்சு, அதுல தலித் குடும்பத்துப் பசங்களே புரோக்கருக்கு அடியாளா நின்னு சொந்த ஜனத்தையே கெளப்புவாங்க, விநாயகன் நடிச்ச கங்காவ பாத்தவங்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் மலையாளத்தோட முதல் படமே இந்த சாதிப் பிரச்சனையிலதான் தொடங்குச்சு. ஜே.சி. டேனியல் எடுத்த விகதகுமாரன்ல தலித் பொண்ணு பி.கே. ரோசி நாயர் பொண்ணா நடிச்சாங்க, தியேட்டர்ல திரைமேல கல்லெறிஞ்சாங்க, ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாப் போச்சு, வந்து சேந்தது நம்ம தமிழ்நாட்டுப் பக்கம். படம் எடுத்த டேனியலும் கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துலதான் 1975ல வறுமையில செத்தாரு. இன்னைக்கு மலையாள சினிமாவோட பெரிய விருதே அவரு பேருலதான் குடுக்குறாங்க.